கொழும்பில் பிள்ளைகளுக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம்: கோவையிலிருந்து வருபவருக்கு ஒரு பதில்

வணக்கம். வேலை மாற்றலில் கோவையிலிருந்து கொழும்புக்குக் குடும்பத்தோடு வருகிறீர்கள். மகளுக்குப் 11 வயது, மகனுக்கு 6. இருவரும் ஆங்கில வழிச் சர்வதேசப் பாடசாலையில் சேரப் போகிறார்கள். சிங்களம் படித்தே ஆக வேண்டுமா, அதற்குள் தமிழ் கையைவிட்டுப் போய்விடுமா, இங்குள்ள தமிழைக் கேட்டுக் குழம்புவார்களா என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊரிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட பல குடும்பங்களைப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மூன்று மொழியால் பிள்ளைகள் குழம்புவதில்லை. பெற்றோர்தான் ஏமாறுகிறோம். வந்து ஒரு வருஷத்தில் பிள்ளை விளையாட்டு மைதானத்தில் ஆங்கிலமும் கொஞ்சம் சிங்களமும் சரளமாகப் பேசும். மொழி வந்துவிட்டது என்று நாமும் நிம்மதியாகி விடுவோம். கனடாவில் குடியேறிய பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் இந்த இடத்தைத்தான் சுட்டிக்காட்டினார். பேச்சு மொழி 1 முதல் 2 வருஷத்தில் வந்துவிடும். பாடப் புத்தகத்தைப் படித்து, காரணம் சொல்லி, பதில் எழுதும் மொழி கூடப் படிக்கும் பிள்ளைகளின் அளவுக்கு வர 5 முதல் 7 வருஷம் ஆகும். அந்த இடைவெளியில் பிள்ளை யோசிக்கக் கையில் இருப்பது வீட்டுத் தமிழ். தமிழில் ஒரு பத்தியைப் படித்துச் சுருக்கிச் சொல்லத் தெரிந்த பிள்ளை அந்தத் திறமையை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகும். அதனால் 'ஆங்கிலம் பழகட்டும்' என்று வீட்டுப் பேச்சை ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டாம். இங்கே வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு அதுதான்.

இனி சிங்களம். கட்டாயமா என்பது பாடசாலைக்குப் பாடசாலை மாறும். ஆனால் கட்டாயம் இல்லாவிட்டாலும் படிக்க வையுங்கள். கூடப் படிக்கும் பிள்ளைகளில் பலர் வீட்டில் பேசும் மொழி அது. தமிழ்ப் பிள்ளைக்கு அது எளிதும்கூட, ஏனென்றால் வாக்கிய அமைப்பு நம்முடையதுதான். 'எனக்குத் தண்ணி வேணும்' என்பது 'மட்ட வத்துற ஓன'. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'என்று சொன்னான்' என்பதில் வரும் 'என்று' போலவே அங்கே 'கியலா' வருகிறது. பேச்சில் வினைச்சொல் ஆளுக்கு ஆள் மாறுவதுமில்லை: நான் போகிறேன், நீ போகிறாய், அவன் போகிறான், எல்லாவற்றுக்கும் 'யனவா' ஒன்றே போதும்.

மேலே சிங்களத்தைத் தமிழ் எழுத்தில் எழுதியது உங்களுக்குக் காட்டத்தான். பிள்ளையின் கொப்பியில் (நோட்டுக்கு இங்கே கொப்பி என்பார்கள்) அப்படி எழுத விடாதீர்கள். சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது. 'பார' என்று எழுதுகிறீர்கள். 'பால்' என்பதில் வரும் ஒலியோடு சொன்னால் அது வீதி. 'பஸ்' என்பதில் வரும் ஒலியோடு சொன்னால் பொறுப்பு, நேர்த்திக்கடன். 'கந்த' என்பதில் 'ந்' ஒலியை அழுத்திச் சொன்னால் மலை. அந்த மூக்கொலியைத் தொட்டும் தொடாமலும் 'த' ஒலியோடு ஒட்டிச் சொன்னால் மரத்தின் அடித்தண்டு. 'பெல்ல' என்றால் கழுத்து. அதே சொல்லில் எகரத்துக்குப் பதிலாக, ஆங்கிலத்தில் ஆப்பிள் என்னும்போது முதலில் வரும் ஒலி புகுந்தால் பெட்டை நாய், கெட்ட வசவு. தமிழ் எழுத்தில் இவை பிரிந்து தெரியாது. தமிழில் எழுதி மனப்பாடம் செய்த பிள்ளை எல்லாவற்றையும் ஒரே ஒலியில்தான் சொல்லும். பிறகு திருத்துவது கஷ்டம்.

ஆகவே முதல் இரண்டு, மூன்று மாதம் காதும் வாயும் மட்டும் போதும். தண்ணீர் கேட்பது, கழிவறைக்குப் போக அனுமதி கேட்பது, 'புரியவில்லை, மறுபடி சொல்லுங்கள்' என்பது, வேண்டும், வேண்டாம், என் முறை, உன் முறை: இப்படி இருபது வாக்கியம் வாயில் தானாக வரட்டும். அதற்குப் பிறகு எழுத்து, வாரத்துக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம். க வர்க்கம், ப வர்க்கம் என்று வரிசையாகப் போவதைவிட, நமக்கு ஒன்றாகக் கேட்கும் இரண்டு எழுத்தை ஜோடியாக எடுப்பது நல்லது. அட்டைக்கு ஒன்றாக எழுதி, நீங்களோ டியூஷன் ஆசிரியரோ சொல்லைச் சொல்ல, பிள்ளை சரியான அட்டையைத் தூக்க வேண்டும். பத்துக்கு ஒன்பது சரியாக வந்தால் அடுத்த ஜோடி. மூச்சோடு சொல்லும் கனத்த எழுத்துகள் பேச்சில் சாதாரண எழுத்துப் போலவே ஒலிப்பதால் அவற்றைக் கடைசிக்கு வைக்கலாம்.

அடுத்த தடை பாடப் புத்தகம். பேச்சில் 'மம இஸ்கோலே யனவா' என்று கற்ற பிள்ளை புத்தகத்தில் 'மம பாசல் யமி' என்று பார்த்ததும் திகைத்துப் போகும். எழுத்துச் சிங்களத்தில் வினை ஆளுக்கேற்ப மாறும், சொற்களும் வேறு. இந்த இடத்தில் தமிழ் கைகொடுக்கும். 'பள்ளிக்கூடம் போறேன்' என்று பேசிவிட்டு 'நான் பள்ளிக்குச் செல்கிறேன்' என்று எழுதுகிறோமே, அதே கதைதான் என்று மகளிடம் சொல்லிப் பாருங்கள், உடனே பிடித்துக்கொள்வாள். தமிழை எழுதிப் பழகாத பிள்ளைக்கு இந்த விளக்கமே எட்டாது.

மரியாதை விஷயமும் ஒன்று உண்டு. நம் 'நீங்கள்' போல எல்லா இடத்துக்கும் பொருந்தும் சொல் பேச்சுச் சிங்களத்தில் இல்லை. 'ஒயா' என்பது தோழமைக்கு. ஆசிரியரை 'ஒயா' என்றால் முகம் சுருங்கும். 'சர்', 'மிஸ்' என்றே விளித்துப் பேசச் சொல்லிக் கொடுங்கள்.

பாடசாலையைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைவிட இதை விசாரியுங்கள்: சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளும் புதிதாகக் கற்பவர்களும் ஒரே வகுப்பிலா? அப்படியானால் உங்கள் மகள் ஆறாம் தரத்தில் (வகுப்புக்கு இங்கே தரம் என்பார்கள்) உட்கார்ந்து இலக்கியச் சிங்களத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பாள். கொப்பி அழகாக இருக்கும், ஒரு வாக்கியம் பேச வராது. இரண்டாம் மொழி என்று தனி வகுப்பு இருக்கும் இடமே நல்லது. அரசாங்கப் பாடசாலைகளின் தமிழ் மொழிப் பிரிவில் இரண்டாம் மொழிச் சிங்களம் ஒரு பாடமாக நடக்கிறது. அதற்கான புத்தகத்தைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வீட்டில் படிக்க அது போதும்.

தமிழைப் பாடமாக எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் எழுதும் பிரிட்டன் பரீட்சைகளான கேம்பிரிட்ஜ் சாதாரண தரத்திலும் (O Level) எடெக்செல்லிலும் தமிழும் உண்டு, சிங்களமும் உண்டு. ஆனால் எல்லாப் பாடசாலையிலும் ஆசிரியர் இருப்பதில்லை. நடுவில் ஊருக்குத் திரும்ப நேர்ந்தால் இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயம். மகளுக்கு அது நான்கு வருஷத் தூரம்தான்.

இங்குள்ள தமிழைப் பற்றி: தேர்வு இங்கே பரீட்சை, முடிவு பெறுபேறு, பருவம் தவணை, தலைமையாசிரியர் அதிபர், ஸ்கேல் அடிமட்டம். வேதியியல் இரசாயனவியல், இயற்பியல் பௌதிகவியல், ஆக்சிஜன் ஒட்சிசன். பேசுவது 'கதைக்கிறது', ஆமாம் 'ஓம்'. இதைத் தவறு என்று பிள்ளைகள் முன்னால் ஒருபோதும் திருத்தாதீர்கள். அது முழுமையான, பழைய, அழகான தமிழ். மகளிடம் ஒரு கொப்பியை இரண்டு பத்தியாகக் கோடு போட்டுக் கொடுத்து, ஊர்ச் சொல் ஒரு பக்கம், இங்குள்ள சொல் மறுபக்கம் என்று எழுதிவரச் சொல்லுங்கள். பரீட்சையில் இங்குள்ள சொல், பாட்டியோடு பேசும்போது ஊர்ச் சொல். இங்கே பல வீடுகளில் சிறு பிள்ளைகளையும் 'நீங்கள்', 'வாங்கோ' என்றே அழைப்பார்கள். உங்கள் மகன் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாசமாக 'வாடா, போடா' என்றால் அங்கே அது காயப்படுத்தலாம். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மகனுக்கு ஆறு வயதுதான், எனக்குக் கவலை அவனைப் பற்றித்தான். மகளிடம் தமிழ் ஊன்றிவிட்டது, அவனிடம் இன்னும் இல்லை. தமிழில் தானாக ஒரு பக்கம் வாசிக்கும்வரை வீட்டில் அவனுக்குச் சிங்கள எழுத்தைத் தொடங்க வேண்டாம், பேச்சு மட்டும் போதும். தினமும் 20 நிமிடம் தமிழ் வாசிப்பு, வாரத்தில் மூன்று நாள் ஐந்து வரி எழுத்து. கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தையில் இருக்கிறது. சனிக்கிழமை அங்கே அழைத்துப் போங்கள்.

வீடு வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ அமைந்தால் கடை, மருந்தகம், கோயில் எல்லாம் தமிழிலேயே முடிந்துவிடும். வசதிதான், ஆனால் வகுப்புக்கு வெளியே சிங்களம் காதில் விழாது. வாரத்தில் இரண்டு மாலை, கிரிக்கெட்டோ நீச்சலோ, சிங்களப் பிள்ளைகள் வரும் இடத்தில் சேர்த்துவிடுங்கள். மூன்றாவது டியூஷனைவிட அது பலன் தரும்.

எழுத்துப் பழக வீதியே போதும். காலி வீதியில் (Galle Road) பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் ஓடும் 100ஆம் இலக்க பஸ் வரும்போது பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். தமிழில் வெள்ளவத்தை என்று ஐகாரத்தில் முடிவது சிங்களத்தில் 'வெல்லவத்த' என்று அகரத்தில் முடியும். தெஹிவளை 'தெஹிவல'. பம்பலப்பிட்டி 'பம்பலபிட்டிய', கொள்ளுப்பிட்டி 'கொல்லுபிட்டிய'. பத்து ஊர்ப் பெயர் தெரிந்தாலே பாதி எழுத்து அறிமுகமாகிவிடும். புறக்கோட்டை மட்டும் 'பிட்டகொட்டுவ' என்று வரும். அது எப்படி என்று மகளே யோசித்துக் கண்டுபிடிக்கட்டும், 'பிட்ட' என்றால் வெளியே என்பதை மட்டும் சொல்லிக் கொடுங்கள்.