குணமாகாத நோயில் இருக்கும் குழந்தைக்குப் படம் வரைவதும் பொம்மை விளையாட்டும் என்ன செய்யும்?

கேள்வி இதுதான்: "என் அக்கா மகளுக்கு ஏழு வயது, புற்றுநோய். இனிமேல் பேலியேட்டிவ் கேர் குழுவும் சேர்ந்து பார்க்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அங்கே போனால் படம் வரையச் சொல்கிறார்கள், பொம்மையை வைத்து விளையாடுகிறார்கள். வலியில் இருக்கும் குழந்தைக்கு இதனால் உண்மையிலேயே பயன் உண்டா, இல்லை பெற்றவர்கள் மனம் தேறட்டும் என்று செய்கிறார்களா?"

நான் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் 11 வருடமாக நர்ஸ். அதில் கடைசி ஆறு வருடம் பேலியேட்டிவ் குழுவில். நிறையப் பெற்றோர் இந்தக் கேள்வியை மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு எங்களிடம் கேட்காமல் போய்விடுவார்கள். நீங்கள் கேட்டது நல்லதாகப் போயிற்று. பயன் உண்டு. எப்படி என்று சொல்கிறேன். கீழே வரும் குழந்தைகளின் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. பேலியேட்டிவ் கேர் என்றதும் "கைவிட்டுவிட்டார்கள்" என்று பதறிவிடாதீர்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை நோய் என்னவென்று தெரிந்த அன்றே இது தொடங்க வேண்டும், நோய்க்கான சிகிச்சை நடந்தாலும் நடக்காவிட்டாலும் தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. கீமோ ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே வலி, வாந்தி, தூக்கம், பயம் எல்லாவற்றையும் கவனிக்க இன்னொரு குழு கூட நிற்கிறது, அவ்வளவுதான்.

சரி, படத்துக்கு வருகிறேன்.

எட்டு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். எலும்பில் வந்த புற்றுநோய், முதுகெலும்பு வரை பரவியிருந்தது. வலி எவ்வளவு என்று எப்போது கேட்டாலும் "ரெண்டு" என்பான், பத்துக்கு இரண்டு. சிரிக்கும் முகத்தில் தொடங்கி அழும் முகத்தில் முடியும் ஆறு முகங்கள் உள்ள அட்டையைக் காட்டினாலும் இரண்டாவது முகத்தைத்தான் தொடுவான். அந்த அட்டையே குழந்தைகளோடு சேர்ந்து உருவானதுதான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டோனா வோங் என்ற நர்ஸும் கானி பேக்கர் என்பவரும் சிறுவர்களிடம் வெறும் வட்டங்களையும் கிரயானையும் கொடுத்து, வலிக்கிற முகம் எப்படி இருக்கும் என்று வரையச் சொல்லித்தான் அதைச் செய்தார்கள். நல்ல கருவி. ஆனால் பிள்ளை உண்மையைச் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டால் எந்த அட்டையாலும் ஒன்றும் செய்ய முடியாது.

எங்கள் குழுவில் விளையாட்டு மூலமாகக் குழந்தைகளோடு பேசுவதற்கென்றே பயிற்சி பெற்ற ஒரு அக்கா இருக்கிறார். அவர் ஒரு நாள் சாயங்காலம் மனித உடம்பின் வெளிக்கோடு மட்டும் போட்ட தாளை அவன் மடியில் வைத்தார். "இது நீ இல்ல. வேற ஒரு பையன். இவனுக்கு எங்க வலிக்கும், எப்ப வலிக்கும்னு நீயே முடிவு பண்ணு" என்றார். அவன் வெகுநேரம் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் முதுகு இருக்கும் இடத்தில் கறுப்பு கிரயானை வைத்து அழுத்த ஆரம்பித்தான், தாள் கிழிகிற அளவுக்கு. பக்கத்தில் ஒரு வாளி வரைந்தான். வாளி எதற்கென்று எங்களுக்குப் புரியவில்லை. கேட்டால், "காலைல உடம்பு துடைக்கிறப்போ" என்றான்.

"ஏன் கண்ணா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னா அம்மா வெளிய போய்டறாங்க. மூஞ்சி கழுவிட்டுத் திரும்பி வராங்க."

அந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினேன். மறுநாளிலிருந்து, உடம்பு துடைப்பதற்கு அரை மணி நேரம் முன்பே சீக்கிரம் வேலை செய்யும் மார்ஃபின் கொடுக்க ஆரம்பித்தோம். பிசியோதெரபிஸ்ட் வந்து, முதுகு முறுக்கிக்கொள்ளாமல் உடம்பை ஒரே மரக்கட்டை போலத் திருப்புவது எப்படி என்று எங்களுக்கும் அவன் அம்மாவுக்கும் செய்து காட்டினார். துடைத்துவிடும் ஆயாம்மா முதுகைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார், அது அவர் சொன்ன யோசனை. திருப்பும்போது எண்ணுவது பையனின் வேலை. "ஒண்ணு, ரெண்டு" வரை சொல்லி மூச்சை இழுப்பான். "மூணு" என்று அவன் வாயிலிருந்து வராமல் யாரும் கை வைக்க மாட்டோம். ஒரு வாரத்தில் காலை நேரத்து அழுகை நின்றுவிட்டது. அந்தப் படம் அவன் கேஸ் ஷீட்டில் மருந்துப் பட்டியலுக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது, என் பார்வையில் அதுவும் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்தான்.

உங்கள் கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. வலியைக் குறைத்தது மார்ஃபின். ஆனால் எந்த நேரத்தில், எதற்கு முன்னால் கொடுக்க வேண்டும் என்று சொன்னது கிரயான். குழந்தையைக் குழுவில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொள்ள அதுதான் வழி. டாக்டர், நர்ஸ், பிசியோ, ஆயாம்மா, அம்மா என்று எல்லோரும் ஒரு தாளைச் சுற்றி நின்று யோசித்தோம், தாளுக்குச் சொந்தக்காரன் அவன்.

(மார்ஃபின் என்றதும் பயப்படுவீர்கள் என்று தெரியும். வலிக்கு ஏற்ற அளவில், மருத்துவர் கண்காணிப்பில் கொடுத்தால் குழந்தை அதற்கு அடிமையாகிவிடாது. சாவைச் சீக்கிரம் கொண்டுவரவும் செய்யாது. இந்தப் பயத்தால் வலியோடு கிடந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.)

சிசிலி சாண்டர்ஸ் 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது குணமாகாத நோயில் இருப்பவர்களைக் கவனிக்கும் இல்லத்தைத் தொடங்கியவர். முதலில் நர்ஸாகவும் பிறகு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் வேலை பார்த்து, அதற்கப்புறம் டாக்டருக்குப் படித்தவர். உடம்பு வலி, மன வலி, உறவில் வரும் வலி, "எனக்கு ஏன் இப்படி" என்ற வலி எல்லாம் சேர்ந்ததுதான் நோயாளியின் முழு வலி என்று அவர் சொன்னார். அந்தப் பையனின் "ரெண்டு"க்குள் அம்மா முகம் கழுவிக்கொண்டு வருவதும் இருந்தது. மாத்திரை மட்டும் கொடுத்து அதைத் தீர்க்க முடியாது. அவன் அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து பேசினோம். அதன் பிறகு அவர் அழுகை வந்தால் அவன் பக்கத்திலேயே இருந்து அழுதார். அவன் மறுபடி "ரெண்டு" என்று சொல்லவே இல்லை, "ஏழு" என்றான், "நாலு" என்றான்.

மருந்தின் கசப்பு இன்னொரு தொல்லை. ஐந்து வயதுப் பாப்பா ஒருத்தி ஒரு திரவ மருந்தைத் துப்பிக்கொண்டே இருந்தாள். எங்கள் மருந்தாளுநர் மருந்தறையை விட்டு வார்டுக்கு வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்து, "நீதான் பரிசோதனை பண்ணிச் சொல்லணும்" என்றார். முதலில் ஐஸ் துண்டை நாக்கில் வைத்து மரத்துப் போகச் செய்வதா, மருந்துக்கு அப்புறம் வைப்பதா, ஊசி போடாத சிரிஞ்சால் கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதா என்று மூன்று நாள் பார்த்தார்கள். ஐஸ் முதலில், பிறகு கன்னத்துப் பக்கம் என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். பக்கத்துக் கட்டில் பையனுக்கும் அவளே சொல்லிக் கொடுத்தாள்.

எல்லாமே இப்படி நன்றாக நடக்கும் என்று நினைக்க வேண்டாம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஒரு நாள் பலூன், வேஷம், மைக் எல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு கூட்டமே வந்தது. நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆனால் குழந்தைகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கீமோ முடிந்து வாந்தியோடு படுத்திருந்த ஒரு குழந்தையைத் தூக்கி உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். அது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. நானும் அன்று அந்த அறையில் நின்றுகொண்டிருந்தேன், தடுக்கவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. அக்கா மகளைச் சேர்க்கும் இடத்தில் இதைக் கவனித்துப் பாருங்கள்: அவளுக்கு "வேண்டாம்" என்று சொல்ல இடம் இருக்கிறதா? சொன்னால் கேட்கிறார்களா? அது இல்லாத இடத்தில் எவ்வளவு வண்ணம் பூசிய சுவர் இருந்தும் பிரயோஜனம் இல்லை.

"வேண்டாம்" என்று சொன்ன ஒரு பெண்ணையும் சொல்கிறேன். 13 வயது, லுகேமியா என்கிற ரத்தப் புற்றுநோய், திரும்பத் திரும்ப வந்துவிட்டது. கிரயானைப் பார்த்ததும் "சின்னப் பசங்க வேலை" என்று தள்ளிவிட்டாள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "கேக்காம யாரும் உள்ள வரக்கூடாது" என்றாள். ஒரு அட்டையின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு ஒட்டி அவளே கதவில் மாட்டினாள். பச்சை இருந்தால் வரலாம், சிவப்பு இருந்தால் பத்து நிமிடம் கழித்து. தலைமை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது சிவப்பு இருந்தது. அவர் அட்டையைப் பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அன்றைக்கு அவள் அவரிடம் முதல்முறையாகத் தானாகவே பேசினாள். இரவில் மூச்சு முட்டுவது போல இருக்கிறது, பயமாக இருக்கிறது என்றாள். அன்றிலிருந்து இரவு டியூட்டி நர்ஸ் கட்டிலின் தலைப் பக்கத்தை உயர்த்தி வைத்து, சின்ன மின்விசிறியை முகத்துக்கு நேராக வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருப்பார்.

அவள்தான் பிறகு தன் பொருட்களுக்கெல்லாம் பெயர்ச்சீட்டு எழுத ஆரம்பித்தாள். கடிகாரம் தம்பிக்கு, பெயின்ட் பெட்டி தோழிக்கு. அம்மா "அப்படியெல்லாம் எழுதாதம்மா" என்று சீட்டுகளைப் பிடுங்கி வைத்துவிட்டார். யார்தான் தாங்குவார்கள்? எங்கள் ஆலோசகர் அம்மாவோடு பலமுறை உட்கார்ந்தார். ஸ்வீடனில் புற்றுநோயால் குழந்தையை இழந்த பெற்றோரிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2004இல் வெளிவந்தது. சாவைப் பற்றிக் குழந்தையோடு பேசிய 147 பெற்றோரில் ஒருவர்கூடப் பேசியதற்காக வருத்தப்படவில்லை. பேசாத 258 பேரில் 69 பேர் பேசியிருக்கலாமே என்று வருந்தினார்கள். ஆலோசகர் அதைச் சொல்லிவிட்டு, "பேசியே ஆகணும்னு இல்ல. அவ பேச வந்தா நிறுத்தாம இருந்தா போதும்" என்றார். பெரியவர்கள் சொல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது, அம்மா அப்பாவுக்காக அவர்கள்தான் தெரியாதது போல நடந்துகொள்கிறார்கள் என்று 1970களிலேயே மைரா புளூபாண்ட்-லாங்னர் என்ற மானிடவியலாளர் லுகேமியா குழந்தைகளோடு இருந்து பார்த்து எழுதியிருக்கிறார். நான் வார்டில் பார்ப்பதும் அதுதான்.

ஒரு வாரம் கழித்து அம்மா சீட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினார்கள். தம்பியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அவனுக்கு ஆறு வயது, அத்தனை மாதமாக அவனிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தான் அக்காவிடம் சண்டை போட்டதால்தான் அவளுக்கு நோய் வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அன்றுதான் அது வெளியே வந்தது. கூடப் பிறந்த பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். உங்கள் அக்காவுக்கு வேறு குழந்தை இருந்தால், அதையும் ஒரு நாள் அழைத்துப்போய்க் குழுவில் யாரிடமாவது பேச வையுங்கள்.

உங்களால் என்ன முடியும் என்றால், அக்காவுக்குப் பதிலாக ஒரு இரவு நீங்கள் இருந்து அவரைத் தூங்கவிடுங்கள். குழுவிடம் நேராகவே கேளுங்கள்: "இவ வரைஞ்சதுல இருந்து உங்களுக்கு என்ன தெரிஞ்சுது? அதனால மருந்துலயோ, கவனிக்கிற விதத்துலயோ என்ன மாத்துனீங்க?" பதில் சொல்லத் தெரிந்த குழு என்றால் நம்பி விடலாம்.

அவளுக்குப் பிடித்த பொம்மை எது என்று கேட்டு அடுத்த முறை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஊசி போடுவதற்கு முன்னால் அதன் கையிலும் ஒரு பிளாஸ்திரி ஒட்டச் சொல்லுங்கள். எந்த நர்ஸும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். எந்தக் கை என்பதை மட்டும் அவள் சொல்லட்டும்.