பாதிக் கதையை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: நாங்கள் ஏழு பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் நண்பர் ஒருவர் வீட்டு மாடியில் கூடி, எழுதிக்கொண்டிருப்பதை வாசிப்போம். இப்போது இரண்டு பேர் சென்னைக்கும் ஒருவர் கோவைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். வாட்ஸ்அப் குழு இருக்கிறது, ஆனால் அதில் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும்தான் வருகின்றன. போன மாதம் என் பாதிக் கதையைப் போட்டேன். நான்கு கட்டைவிரல், ஒரு ‘அருமை’. ஒருவர் மட்டும், “இது கதையே இல்லை” என்று எழுதினார். அதற்குப் பிறகு யாருமே எதையும் போடவில்லை. எங்கள் குழு பிழைக்குமா?
– ஒரு வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பிழைக்கும். மூன்று பேர் ஊரை விட்டுப் போனதைக் குழு அடங்கிப்போனதற்குக் காரணமாக நினைக்க வேண்டாம். இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கு. அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னை போனார், 1950களில் மலேயாவுக்கும் போனார். அவர் நண்பர் கி. ராஜநாராயணன் ஊரிலேயே இருந்தார். கடிதங்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. அழகிரிசாமி எழுதியவற்றை கி.ரா. பத்திரமாக வைத்திருந்ததால் அவை பின்னால் புத்தகமாகவே வந்தன. அந்தக் கடிதங்களின் மேல் ஒரு ஆளின் பெயர் இருந்தது. உங்கள் பாதிக் கதையின் மேல் யார் பெயரும் இல்லை. எல்லோருக்கும் என்று போட்டதை, வேறு யாராவது நிதானமாக வாசிப்பார்கள் என்று ஒவ்வொருவரும் விட்டுவிட்டார்கள்.

அதனால் இனி ஒரு கதையை ஒருவருக்கு மட்டும் அனுப்புங்கள், மிஞ்சினால் இருவருக்கு. இந்த மாதம் யார் கதையை யார் வாசிப்பது என்று முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு முறை முடிக்காத கதையைப் பத்துப் பேரிடம் கொடுத்தேன். பத்துப் பேரும் அக்கறையோடுதான் சொன்னார்கள், ஆனால் பத்து விதமாகச் சொன்னார்கள். அந்தக் கதை இன்றுவரை முடியவில்லை. இப்போதும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அனுப்பும்போது கூடவே ஒரு வரி எழுதுங்கள். “நடு வீட்டுச் சண்டை நம்பும்படி இருக்கிறதா?” “எந்த இடத்தில் அலுப்புத் தட்டியது?” இப்படி ஒரே ஒரு கேள்வி. கேள்வி இல்லாமல் போனால் வாசிக்கிறவர் ‘அருமை’ என்பார், இல்லையென்றால் தீர்ப்புச் சொல்வார். முடிந்த படைப்பை ரசிப்பது வேறு, முடியாததற்குக் கை கொடுப்பது வேறு. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரின் வண்ணார்பேட்டை வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கிய வட்டத்தில் கம்பனை வாய்விட்டுப் படித்து ரசித்தார்கள். யார் என்ன சொன்னாலும் கம்பனுக்கு வலிக்காது. உங்கள் மாடியில் வாசிக்கிறவருக்கு வலிக்கும்.

ஊர்க்குழுவுக்கு என்று ஒரு பெரிய பலம் உண்டு. அதை நீங்கள் இழந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. பிசானம் என்கிற நெல் பருவத்தின் அறுப்பைப் புரட்டாசியில் நடப்பதாக ஒருவர் எழுதினால், ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்தவர் உடனே, “பிசானம் மாசி, பங்குனியில்லா அறுப்பாங்க? புரட்டாசின்னா அது கார் நெல்லு” என்று சொல்லிவிடுவார். ‘உங்க ஆச்சி இந்தச் சொல்லை இப்படியா சொல்லுவாங்க?’ என்று கேட்க, அம்பாசமுத்திரத்துப் பேச்சும் ராதாபுரத்துப் பேச்சும் காதில் விழுந்து வளர்ந்த ஆள் வேண்டும். வெளியூர் பத்திரிகை ஆசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதைப் பிடிக்க மாட்டார். சென்னைக்குப் போனவர்களும் இந்தக் காதை அங்கே கொண்டுபோயிருக்கிறார்கள். அவர்களுக்குக் கதையை நீங்களே வாசித்துக் குரல் பதிவாக அனுப்பிப் பாருங்கள். உரையாடல் எங்கே பொய்யாக ஒலிக்கிறது என்பது வாசிக்கும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம், குழுவில் வந்த கதையைக் கேட்காமல் வெளியே யாருக்கும் அனுப்பக் கூடாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ளட்டும். வேறெங்கும் வெளிவராத கதைதான் வேண்டும் என்று பல பத்திரிகைகள் கேட்கின்றன. காலை வணக்கத்துக்குப் பழைய குழுவே இருக்கட்டும், கதைக்கு வேறொன்று தொடங்கினால் போதும்.

ஞாயிறு கூடுவதை மட்டும் நிறுத்தாதீர்கள். ஊரில் இருக்கும் நான்கு பேர் போதும். செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினால் வந்துவிடலாம். பொங்கலுக்கோ நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்துக்கோ மற்ற மூவரும் ஊருக்கு வருவார்கள்தானே, அப்போது ஏழு பேரும் உட்காருங்கள்.

கடைசியாக, “இது கதையே இல்லை” என்றவரைப் பற்றி. அப்படிச் சொன்னது தப்புதான், உங்களுக்கு வலித்ததும் நியாயம். ஆனாலும் அந்தக் கதையைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தவர் ஒருவேளை அவராக இருக்கலாம். அவருக்கு இந்த வாரம் போன் போடுங்கள். கோபித்துக்கொள்ளவும் வேண்டாம், சமாதானம் பேசவும் வேண்டாம். “அண்ணாச்சி, எந்த வரியில உங்களுக்குக் கதை விட்டுப்போச்சு?” என்று மட்டும் கேளுங்கள்.