வாசகர் கேள்வி – பதில்: மங்கிய ஹெட்லைட்டுக்குப் பற்பசை போதுமா?

கேள்வி: 12 ஆண்டுகளாக ஓடும் எங்கள் காரின் ஹெட்லைட்டுகள் இரண்டும் மஞ்சளித்து, பாலாடை படிந்ததுபோல் ஆகிவிட்டன. யாரோ சொன்னதைக் கேட்டுப் பற்பசை போட்டுத் தேய்த்தேன். அன்றைக்குப் பளிச்சென்று ஆனது; மூன்றே வாரத்தில் பழையபடி மங்கிவிட்டது. 100 வாட் பல்பு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே நிலையாகச் சரிசெய்ய வழி உண்டா?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: பற்பசை ஏன் மூன்று வாரத்துக்கு மேல் தாங்கவில்லை என்பது தெரிந்துவிட்டால் மீதி வேலை எளிதாகிவிடும். அம்பாசடர் போன்ற பழைய கார்களின் விளக்கு முகப்பு கண்ணாடியால் ஆனது, அது மஞ்சளிப்பதில்லை. இன்றைய கார்களில் இருப்பதோ பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். கல் பட்டாலும் எளிதில் உடையாது, எடையும் குறைவு. ஆனால் எளிதில் கீறல் விழும், வெயிலின் புற ஊதாக் கதிர்களையும் தாங்காது. அதனால்தான் தொழிற்சாலையிலேயே அதன்மேல் கெட்டியான, மெல்லிய பாதுகாப்புப் பூச்சு ஒன்றைப் பூசி அனுப்புகிறார்கள். ஆண்டுக்கணக்கில் வெயிலில் நிற்கும் காரில் இந்தப் பூச்சு சிதைந்து, ஆங்காங்கே உரிந்து, அடியிலுள்ள பிளாஸ்டிக்கும் மஞ்சளிக்கத் தொடங்குகிறது. பற்பசையில் உள்ள நுண்துகள்கள் கெட்டுப்போன மேற்படலத்தைக் கொஞ்சம் சுரண்டி எடுக்கின்றன. எஞ்சியிருந்த பூச்சும் அதோடு போய்விடுவதால், பிளாஸ்டிக் வெறும் மேனியாக வெயிலில் நிற்கிறது.

100 வாட் பல்பு வேண்டவே வேண்டாம். பல கார்களில் உள்ள எச்4 வகை பல்பு 60/55 வாட் (ஹை பீமுக்கு 60, லோ பீமுக்கு 55) அளவுக்கே செய்யப்பட்டது. அதைவிடக் கூடுதலானது ஹோல்டரையும் வயரையும் சூட்டில் உருக்கிவிடக்கூடும். அதோடு, மங்கிய முகப்பு ஒளியைத் தடுப்பது மட்டுமன்றிச் சிதறவும் அடிக்கிறது. பல்பைக் கூட்டினால் சாலையில் விழும் வெளிச்சத்தைவிட எதிரே பைக்கில் வருபவரின் கண்ணில் விழும் கூச்சமே கூடும். அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ 2018-இல் வெளியிட்ட சோதனையில், மங்கிய விளக்குகள் லோ பீமில் புதிய விளக்கின் ஒளியில் ஏறத்தாழ 22 சதவீதத்தையே தந்தன. தேய்த்துச் சீராக்கியபின் அது 70 சதவீதத்தை எட்டியது. உங்கள் உழைப்புக்கு இந்த வேறுபாடே போதிய காரணம்.

முதலில் முகப்பின்மேல் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நனைந்தவுடன் அது தெளிவாகத் தெரிந்தால் கோளாறு வெளிப்பரப்பில்தான், வீட்டிலேயே சரிசெய்யலாம். நனைந்தும் தெளியாமல், உள்ளே வெடிப்புகள் வலைபோல் தெரிந்தால், அல்லது பல்புக்குப் பின்னுள்ள பிரதிபலிப்பான் கருகியிருந்தால், முழு விளக்கையும் மாற்றுவதே முறை.

வேலையை நிழலில் தொடங்குங்கள். ஷாம்புவால் கழுவித் துடைத்து, சுற்றியுள்ள பெயிண்ட்டின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். பெயிண்ட் கடைகளில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் தண்ணீரோடு தேய்க்கும் உப்புத்தாள் கிடைக்கும். 800, 1000, 1500, 2000, 3000 ஆகிய எண்களில் (எண் கூடக்கூடத் தாள் நைசாகும்) வாங்கிப் பத்து நிமிடம் ஊறவையுங்கள். பூச்சு உரிந்திருந்தால் 800-இல் தொடங்கலாம். வெறும் மஞ்சள் என்றால் 1000 போதும். சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே முதல் தாளைக் கிடைமட்டமாகவும், அடுத்ததைச் செங்குத்தாகவும் மாற்றி மாற்றித் தேய்த்தால், முந்தைய தாளின் கீறல்கள் முழுதும் மறைந்தனவா என்பது கண்ணுக்குத் தெரியும். அவை மறையும்வரை அடுத்த எண்ணுக்குப் போகாதீர்கள். அவசரப்பட்டு விட்ட கீறல் கடைசியில் வெளிச்சம் போடும்போது கட்டாயம் தெரியும். தொடக்கத்தில் மஞ்சளாக வழியும் தண்ணீர் வெள்ளையாக மாறினால் பழைய பூச்சு போய்விட்டது என்று பொருள். இந்தக் கட்டத்தில் முகப்பு முன்னைவிட மோசமாக, பனி மூடியதுபோல் இருக்கும்; பதற வேண்டாம். 3000-க்குப் பிறகு ரப்பிங் காம்பவுண்ட் என்னும் மெருகுப் பசையை மென்மையான துணியில் எடுத்துச் சுழற்றித் தேய்த்தால் தெளிவு திரும்பிவிடும்.

பெரும்பாலானோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். நீங்கள் பட்ட ஏமாற்றமும் இந்த இடத்தில்தான் தொடங்கியது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்துவிட்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஹெட்லைட் பூச்சை அன்றே பூசிவிட வேண்டும். துணியால் தடவும் வகை எளிது. ஆனால் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கும். ஹார்டனர் என்னும் இறுகவைக்கும் திரவத்தைக் கலந்து தெளிக்கும் இரட்டைக் கலவை கிளியர் கோட் (நிறமற்ற பூச்சு) நெடுநாள் நிற்கும். ஆயினும் அதிலுள்ள ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் நுரையீரலுக்குக் கேடானது, சாதாரண முகக்கவசம் அதைத் தடுக்காது. ஆகவே தேய்க்கும் வேலையை நீங்கள் முடித்துவிட்டு, தெளிப்பதை மட்டும் பெயிண்டிங் பட்டறையில் கொடுப்பதே நல்லது. தின்னர், பெட்ரோல், கொசுவிரட்டித் தைலம் எதையும் தடவாதீர்கள். அவை பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து இளக்குவதால்தான் அப்போதைக்குப் பளபளப்பு தெரிகிறது. பின்னர் நுண்வெடிப்புகள் விழும்.

கேள்வி: மழைக்குப் பின் ஹெட்லைட்டின் உட்புறம் ஆவி படிகிறது. இதையும் தேய்த்துச் சரிசெய்யலாமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: தேய்ப்பதால் பயனில்லை. விளக்கு மூச்சுவிடச் சிறு துவாரங்கள் உண்டு என்பதால், விளக்கை எரியவிட்டபின் மறையும் மெல்லிய ஆவி இயல்பானதே. அடியில் தண்ணீர் தேங்கினால் மட்டும், பின்பக்க ரப்பர் மூடி சரியாகப் பொருந்தியிருக்கிறதா, முகப்பைச் சுற்றியுள்ள ஒட்டுப்பசை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். மூடி காய்ந்து விறைத்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். துவாரங்களைச் சிலிக்கான் வைத்து அடைத்துவிடாதீர்கள், உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் போய்விடும்.