பித்தளை கிட்டில் செய்த நீராவி ரயில் இன்ஜின் மாடல் சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் சிக்குகிறதே, ஏன்?

மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளிப் பாருங்கள். அப்போதும் சிக்கினால், பெரும்பாலும் சக்கரங்களை இணைக்கும் தண்டில்தான் கோளாறு. அந்தத் தண்டு சக்கரத்தில் மாட்டும் முள்ளைக் கவனியுங்கள்: இரு சிலிண்டர் இன்ஜினில் ஒரே அச்சின் வலப்பக்க முள்ளும் இடப்பக்க முள்ளும் 90 டிகிரி தள்ளி நிற்க வேண்டும். 88 ஆனாலும் ஓடும். ஆனால் எல்லா அச்சிலும் அதே 88 இருக்க வேண்டும். தண்டில் உள்ள துளைகளின் இடைவெளியும் அச்சுகளின் இடைவெளியும் மயிரிழைகூடப் பிசகக் கூடாது. அதனால் நான் தண்டை முதலில் முடித்து, அதையே அளவாக வைத்து அச்சுத் தாங்கிகளைப் பற்றவைப்பேன்.

அப்புறம், பற்றவைக்கும் இடம் சுத்தமாக இருக்கட்டும். இங்கே சேலத்துக் கொலுசுப் பட்டறைகளில் பற்றாசு வைப்பதை அருகில் நின்று பாருங்கள்: முதலில் தேய்ப்பு, பிறகுதான் நெருப்பு. புகைபோக்கி போன்ற வெள்ளை உலோக வார்ப்புகள் எளிதில் உருகிவிடும். அவற்றுக்கு 70 டிகிரியில் உருகும் பற்றாசுக் கலவையே சரி.