தேக்கு கருகினால் மெஷினைப் பழிக்காதீர்கள்

கேள்வி: பூஜையறைக் கதவுக்காக 18 மி.மீ. தேக்குப் பலகையில் ஸ்க்ரோல் சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் மெஷின்) வைத்துக் கொடி வேலைப்பாடு அறுக்கிறேன். ஐந்து நிமிடத்தில் பிளேடு ஒடிகிறது, இல்லையென்றால் ஹோல்டரிலிருந்து நழுவிவிடுகிறது. அறுத்த ஓரமெல்லாம் கருப்பு. மெஷினையே மாற்றச் சொல்கிறார் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?
– திண்டுக்கல் வாசகர்

பதில்: வேண்டாம். நீங்கள் அனுப்பிய பாக்கெட் படத்தைப் பார்த்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது. ‘ஜெர்மன் ஸ்டீல், மரம், இரும்பு, பிளாஸ்டிக் அனைத்துக்கும்’ என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். ஆனால் பிளேடு நம்பரும் இல்லை, ஓர் அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதும் இல்லை. எல்லாவற்றையும் அறுக்கும் பிளேடு தேக்கை அறுக்காது.

ஒரு பிளேடை ஸ்கேல் மேல் வைத்து, ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை பல் என்று எண்ணுங்கள். தடித்த மரம் அறுக்கும் பிளேடில் நாலு, மிஞ்சினால் ஐந்து இருக்கும். பத்து, பன்னிரண்டு வந்தால் அது நகைப் பட்டறையில் தகடு அறுக்கிற பிளேடு. அதன் பற்களுக்கு நடுவே தூள் வெளியேற இடமே கிடையாது. தூள் உள்ளேயே அரைபட்டுச் சூடேறும், மரம் கருகும், பிளேடு ஒடியும். தேக்கில் மணல் போன்ற சிலிக்கா வேறு இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கிவிடும்.

உங்களுக்கு வேண்டியது ‘ஸ்கிப் டூத்’ பிளேடு, அதாவது பல் விட்டுப் பல் உள்ளது. அதிலும் அடிப்பகுதியில் சில பற்கள் மேல்நோக்கித் திரும்பிய ‘ரிவர்ஸ்’ வகையாக வாங்குங்கள். பலகையின் அடிப்பக்கம் சிராய் பெயராது. 18 மி.மீ. தேக்குக்கு 7ஆம் நம்பர், நெருக்கமான வளைவுகளுக்கு 5. இந்த நம்பரும் ஒரு கூத்துதான். ஒரு கம்பெனியின் 5 இன்னொரு கம்பெனியின் 5-ஐவிடத் தடிமனாக இருக்கும். அகலம், தடிமன், பல் மூன்றையும் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்று இத்தனை வருடமாக யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நடுவில் இருக்கிற வியாபாரி மொத்தமாக வாங்கி, பத்துப் பத்தாகப் பிரித்து, தன் ஸ்டிக்கரை ஒட்டி விற்கிறார். நம்பர் சொல்லத் தெரியாத கடையில் பிளேடு வாங்காதீர்கள். சில கடைகளில் ஜிக் சா பிளேடை எடுத்து நீட்டுவார்கள். அது வேறு மெஷினுக்கானது.

இனி ஹோல்டர். புது பிளேடின் மேல் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். நழுவுவதற்கு முதல் காரணம் அதுதான். இரண்டு முனைகளையும் தின்னர் தொட்ட துணியால் துடைத்து, 220 உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புத் தேயுங்கள். ஹோல்டர் திருகைக் கழற்றி அதன் முனையையும் பாருங்கள். நடுவில் குழி விழுந்திருந்தால் அரத்தால் தட்டையாக்குங்கள். எனக்கும் இதே தொல்லை வந்தது. சர்வீஸ் சென்டரில் ஹோல்டர் மட்டும் தனியாகக் கிடையாது, மெஷினின் மேல் கையை முழுதாக வாங்கு என்றார்கள். பத்து ரூபாய்த் திருகுதான் பிரச்சினை என்பது வீட்டுக்கு வந்து கழற்றிய பிறகு தெரிந்தது.

பின் பிளேடு, அதாவது இரு முனையிலும் குறுக்கே குட்டி ஆணி உள்ள பிளேடு நழுவாதே, அதையே மாட்டலாமே என்று சொல்வார்கள். பலகைக்கு நடுவே துளை போட்டு, அதில் பிளேடை நுழைத்து அறுக்கும் உள்வெட்டு உள்ள வேலைக்கு வேண்டாம். அந்த ஆணி நுழைய ஏறத்தாழ 5 மி.மீ. துளை போட வேண்டும். 5ஆம் நம்பர் பிளேடுக்கு ஒன்றரை மி.மீ. போதும். கொடியின் இலை இடுக்கில் 5 மி.மீ. துளை போட்டால் இலையே இருக்காது. ஒரே ஒரு விலக்கு: வெளி உருவத்தை மட்டும் அறுப்பதானால் பின் பிளேடு தாராளமாகப் போதும். பெயர்ப் பலகைக்குத் தனித்தனி எழுத்து, யானை பொம்மை, சாவி மாட்டும் பலகை போன்றவை. ஓரத்திலிருந்து நுழைந்து ஓரத்திலேயே வெளியே வருகிற வெட்டு என்றால் சரி. ‘ப’வுக்கு ஆகும், ஆனால் ‘ஒ’வின் சுழி உள்ளே மூடிய வட்டம், அங்கே துளை போட வேண்டி வரும், அதற்கு ஆகாது. எழுத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சுற்றிலும் பல் உள்ள ஸ்பைரல் பிளேடைத் தேக்கில் தொடவே தொடாதீர்கள்.

பிளேடு எங்கே ஒடிகிறது என்றும் கவனியுங்கள். முனையருகே ஒடிந்தால் மேல் ஹோல்டரும் கீழ் ஹோல்டரும் நேர்க்கோட்டில் இல்லை, பிளேடு முறுக்கிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒடிந்தால் மரத்தை வேகமாகத் தள்ளுகிறீர்கள், அல்லது மழுங்கிய பிளேடை விடாமல் ஓட்டுகிறீர்கள். இழுவிசை சரியாக இருந்தால் விரலால் சுண்டும்போது வீணைத் தந்தி மாதிரி கூர்மையாக ஒலிக்கும். தொளதொளவென்று சத்தம் வந்தால் இன்னும் இறுக்குங்கள். பிளேடு நிமிடத்துக்கு 800 தடவை ஏறி இறங்கும் அளவுக்கு வேகத்தைக் குறையுங்கள். கொடி வரைந்த தாளைப் பலகையில் ஒட்டி, அதன் மேல் பார்சல் ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பையும் ஒட்டி அறுத்துப் பாருங்கள். கருகல் பெருமளவு குறையும்.

பிளேடு வந்ததும் நேரே கதவில் வைத்துவிடாதீர்கள். அதே தேக்கின் மிச்சத் துண்டில் ஒரு சுழியை அறுத்து, ஓரத்தின் நிறத்தைப் பார்த்த பிறகு கதவுக்குப் போங்கள்.