பள்ளிக்கு வண்டி: பெற்றோர் கேட்டவை

மகனுக்கு மூளை முடக்குவாதம். ஐந்தாவது முடித்துவிட்டான். அடுத்த பள்ளி நான்கு கிலோமீட்டர். இனி இடுப்பில் தூக்கிப்போக என்னால் முடியாது. அரசு வண்டி தருமா?

கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, பிள்ளைக்குப் போக்குவரத்து வசதி செய்து தரச் சொல்கிறது. அதிக உதவி தேவைப்படும் பிள்ளை என்றால் கூட வரும் துணையாளருக்கும் சேர்த்து. ஆனால் கிராமப்புறத்தில் வாசலுக்கு வேன் வருவது அரிது. பெரும்பாலும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துப் படி, துணையாளர் படி என்று பணமாகத்தான் வரும். அதற்கு ஜூன் மாதமே அத்திட்டத்தின் வட்டார அலுவலகமான வட்டார வள மையத்துக்குப் போய், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநரைப் பாருங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, வங்கிப் புத்தக நகல்களைக் கையோடு கொண்டுபோங்கள். அதே வழியில் வேறு மாற்றுத்திறன் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றும் அவரிடமே கேளுங்கள். மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு ஆட்டோ பேசினால் கட்டுப்படியாகும். படி கைக்கு வரத் தாமதமானால் எப்படி என்பதை ஓட்டுநரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.

எங்களுடையது மலைக் கிராமம். "வீட்டிலேயே வந்து சொல்லித் தருகிறோம், பள்ளிக்கு வேண்டாம்" என்கிறார்கள். மகளுக்குக் கால் மட்டும்தான் முடியாது.

சம்மதிக்காதீர்கள். வீட்டுவழிக் கல்வி, உடல்நிலை காரணமாக வெளியே வரவே முடியாத பிள்ளைகளுக்கானது. சாலை சரியில்லை என்பதற்காக ஒரு குழந்தையை வீட்டோடு வைப்பது அநியாயம். அவளுக்கும் தோழிகள் வேண்டாமா? நாற்பது சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியில் இலவசக் கல்வி உரிமை என்று அதே சட்டத்தின் 31-ஆவது பிரிவு சொல்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசித் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். நகலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அங்கும் நகரவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். வழி பிறக்கும்வரை வீட்டுக்கு வரும் பயிற்றுநரை நிறுத்த வேண்டாம். ஆனால் பள்ளி வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கட்டும்.

பேருந்தில் மகனோடு நான் போனால் எனக்கு டிக்கெட் உண்டா? (ஒரு தந்தை)

தமிழ்நாட்டில் சாதாரண கட்டண நகரப் பேருந்தில் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் டிக்கெட் இல்லை. அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

பிள்ளைக்கு வலிப்பு வரும். ஆட்டோவில் தனியாக அனுப்பலாமா?

அடிக்கடி வருமென்றால் துணையாளர் இல்லாமல் வேண்டாம். எப்படியிருந்தாலும் ஓட்டுநரிடம் மறைக்காதீர்கள். சொன்னால் ஏற்றமாட்டார் என்று பயந்து பலர் மறைக்கிறார்கள், ஆபத்து அங்கேதான். வலிப்பு வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்தி, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையில் சாவி, இரும்பு கொடுப்பதால் பயனில்லை. வாயில் எதையும் திணிக்கவோ தண்ணீர் ஊற்றவோ கூடாது. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். இதை ஒரு தாளில் எழுதி, உங்கள் எண்ணோடு வண்டியில் ஒட்டிவிடுங்கள்.