பொட்டாசியம் எவ்வளவு என்று எழுதுங்கள்!

கேள்வி: எனக்குச் சிறுநீரகக் கோளாறு. கிரியேட்டினின் (தசையிலிருந்து வந்து, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 1.8 இருக்கிறது. வாழைப்பழம் சாப்பிடலாமா?

பதில்: பொட்டாசியம் எவ்வளவு என்று எழுதவில்லையே! வாழைப்பழத்தில் பொட்டாசியம் அதிகம்; தளர்ந்த சிறுநீரகம் அதைச் சரியாக வெளியேற்றாது. ரத்தத்தில் அது சரியான அளவில் 4.5 இருப்பவருக்கும், கூடிப்போய் 5.8 இருப்பவருக்கும் ஒரே பதில் கிடையாது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மறுபடி கேளுங்கள்.

கேள்வி: டயாலிசிஸ் வராமலிருக்க பருப்பு, முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். கிரியேட்டினினும் குறைந்திருக்கிறது. சரிதானே?

பதில்: சரியில்லை. டயாலிசிஸுக்குப் போகாதவருக்கு கிலோ எடைக்கு 0.8 கிராம் புரதம், அதாவது 60 கிலோ ஆளுக்கு ஏறக்குறைய 50 கிராம் வேண்டும். டயாலிசிஸ் தொடங்கினால் இன்னும் கூடுதலாக, 1 முதல் 1.2 வரை. அடியோடு நிறுத்தினால் தசை கரையும். தசை கரைந்தாலே கிரியேட்டினின் இறங்கிவிடும். சிறுநீரகம் தேறியதாக நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: உப்பைக் குறைக்கச் சொன்னதால் சோடியம் குறைந்த உப்புக்கு மாறிவிட்டேன். பொட்டாசியம் 5.6.

பதில்: இதை எத்தனை முறை எழுதினாலும் கடிதம் வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்தப் பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘பொட்டாசியம் குளோரைடு’ என்றிருக்கும். சோடியத்தை எடுத்த இடத்தில் பொட்டாசியத்தைப் போட்டிருக்கிறார்கள். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது நல்லதுதான், ரத்த அழுத்தம் குறையும். உங்களுக்கோ அதை வெளியேற்ற வேண்டிய உறுப்பே தளர்ந்திருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு ‘பிரில்’, ‘சார்டன்’ என்று முடியும் மாத்திரை சாப்பிட்டால் பொட்டாசியம் இன்னும் ஏறும். ஏறுவது வெளியே தெரியாது; திடீரென்று இதயத் துடிப்பில்தான் காட்டும். என்னிடம் வந்த ஒருவர் பழத்தையெல்லாம் விட்டும் பொட்டாசியம் இறங்கவில்லை. வீட்டு உப்பு டப்பாவைக் கொண்டுவரச் சொன்ன பிறகுதான் காரணம் புரிந்தது. சாதாரண உப்புக்கே திரும்புங்கள். எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். ஊறுகாயும் பாக்கெட் தின்பண்டமும் அந்தக் கணக்கில் சேரும். 5.6 என்பதால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: காய்கறியில் பொட்டாசியத்தைக் குறைக்க வழி உண்டா?

பதில்: பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அதையே சூப்பாகக் குடித்தால் எடுத்தது திரும்ப உள்ளேதான் போகும். ஆவியில் வேகவைத்தால் அவ்வளவாகக் குறையாது. அப்புறம், உங்கள் பொட்டாசியம் எவ்வளவு? சரியான அளவில் இருந்தால் இந்தச் சிரமமே வேண்டாம்.

கேள்வி: நட்சத்திரப் பழம்?

பதில்: ஒரு துண்டுகூட வேண்டாம். அதிலுள்ள நச்சைப் பழுதான சிறுநீரகம் வெளியேற்றாது. விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும்.

கேள்வி: பாஸ்பரஸ் மாத்திரையை இரவு படுக்கும்போது மொத்தமாகப் போடலாமா?

பதில்: கூடாது. சாப்பாட்டிலுள்ள பாஸ்பரஸை வயிற்றிலேயே பிடித்துக்கொள்ளத்தான் அந்த மாத்திரை. சாப்பாட்டோடு போடுங்கள்.